வைஃபை கோளாறுகளைப் பகுத்தறிந்து சரிசெய்யக் கற்றல்: முழுமையான வழிகாட்டி

"வைஃபை வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் கணிசமானவை வைஃபையைப் பற்றியவையே அல்ல. கைபேசியில் ஒரு பக்கம் திறப்பதற்குள், அந்தக் கோரிக்கை காற்று வழியாக ரூட்டருக்கும், கேபிள் வழியாக ஃபைபர் பெட்டிக்கும், அங்கிருந்து இணைய நிறுவனத்தின் வலையமைப்புக்கும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையகத்துக்கும் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. இவற்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயன்படுத்துபவர் காண்பது சுழன்றுகொண்டிருக்கும் அதே வட்டத்தைத்தான். ஆகவே, இந்தத் தொழிலைக் கற்க வருபவர் முதலில் பழக வேண்டியது அறுந்த கண்ணி எது என்று பிரித்துப் பார்ப்பதை. ரூட்டரின் அமைப்புகளில் கை வைப்பது அதற்குப் பிறகு வரும் வேலை.

வீடு, சிறு அலுவலகம், மாணவர் விடுதி போன்ற இடங்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். ஒரு மடிக்கணினி, ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி, நல்ல நிலையில் உள்ள ஒரு லேன் கேபிள், குறித்துக்கொள்ள ஒரு நோட்டு ஆகியவை இருந்தால் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

படி 1: புகாரைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல்

எல்லாருக்கும் பிரச்சினையா, ஒருவருக்கு மட்டுமா? எல்லா அறைகளிலுமா, ஓர் அறையில் மட்டுமா? நாள் முழுதுமா, இரவில் மட்டுமா? இணைப்பே கிடைக்கவில்லையா, கிடைத்தும் மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி அறுகிறதா? இக்கேள்விகளின் விடைகளே விசாரணையைப் பாதியாகக் குறைத்துவிடும். ஒரு கருவிக்கு மட்டும் சிக்கல் என்றால் அக்கருவியைப் பார்க்க வேண்டும். ஓர் அறையில் மட்டும் என்றால் சிக்னலையும் சுவரையும். இரவில் மட்டும் என்றால் நெரிசலை. எல்லாருக்கும் ஒரே நொடியில் அறுந்து ஓரிரு நிமிடத்தில் தானாகத் திரும்புகிறது என்றால் ரூட்டர் மறுதொடக்கமாகிறதா என்றும், வைஃபை பயன்படுத்தும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைகளில் இரண்டாவதில், ரேடாருடன் பகிரப்படும் சேனலில் (சேனல் என்பது அலைக்கற்றையின் எண்ணிடப்பட்ட ஒரு பகுதி) இயங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் இயங்கும் ரூட்டர், ரேடார் அலையை உணர்ந்தால் அச்சேனலை விட்டு உடனே விலக வேண்டும் என்பது விதி. அவ்வகையைச் சேர்ந்த வேறொரு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 நொடி கேட்டுப் பார்த்த பின்னரே அங்கே பேசத் தொடங்கலாம். விமான நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ அருகில் உள்ள கட்டடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: காற்றையும் கம்பியையும் பிரித்தல்

மடிக்கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு நேரடியாக இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். கேபிளிலும் அதே கோளாறு இருந்தால் வைஃபை குற்றமற்றது. ரூட்டருக்கு அப்பால் தேட வேண்டும். கேபிளில் சரியாகவும் வைஃபையில் மட்டும் மோசமாகவும் இருந்தால் மட்டுமே காற்றுப் பக்கம் திரும்ப வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் ரூட்டரை மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்து, வைஃபையில் இருந்தபடியே, ஒரு முகவரியிலிருந்து பதில் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று காட்டும் பிங் கட்டளையால் மூன்று இடங்களைத் தட்டிப் பாருங்கள். முதலாவது ரூட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இரண்டாவது 8.8.8.8 போன்ற ஒரு வெளி முகவரி. மூன்றாவது ஏதேனும் ஒரு தளத்தின் பெயர். ரூட்டருக்கே பதில் தடுமாறினால் கோளாறு காற்றில் இருக்கிறது. ரூட்டருக்குச் சீராகவும் வெளி முகவரிக்கு மோசமாகவும் வந்தால், அது இணைய நிறுவனத்தின் பக்கம், அல்லது ரூட்டரிலிருந்து இணையத்துக்குச் செல்லும் நம் பாதை நிரம்பி வழிகிறது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான வைஃபையில் ரூட்டருக்கான பிங் பெரும்பாலும் சில மில்லிநொடிகளில் திரும்பும். அது அடிக்கடி நூறு மில்லிநொடிகளைத் தாண்டிக் குதித்தால் காரணம் தேட வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: கணினியிலிருந்து ஒரு கைபேசியைப் பிங் செய்தால் எண்கள் மிக மோசமாகத் தெரியலாம். மின்சேமிப்புக்காகக் கைபேசி உறங்கி, குறித்த இடைவெளிகளில் மட்டும் விழித்துக் கேட்பதே அதற்குக் காரணம்; அதைக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

கேபிளைப் பற்றியும் ஒரு சொல். 200 அல்லது 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் வேகம் 95-ஐத் தாண்டவே மறுக்கிறது என்றால், வைஃபையைத் தொடுவதற்கு முன் ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையிலான கேபிளைச் சோதியுங்கள். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். அந்த இரண்டில் சேராத ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு பெரும்பாலும் அறுவதில்லை. ஓசையின்றி 100-க்கு இறங்கிக்கொள்கிறது. விலை குறைந்த சில ரூட்டர்களின் கேபிள் துளைகளே 100 மெகாபிட்டுக்கு மேல் செல்லாதவை என்பதையும் பெட்டியைப் புரட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

படி 3: எண்களைப் படிக்கப் பழகுதல்

திரையின் மூலையில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பி எந்த முடிவுக்கும் வரக் கூடாது. எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது டிபிஎம் என்னும் அளவில் உள்ள எண். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இதைக் காட்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் சிக்னல், இரைச்சல், சேனல், இணைப்பு வேகம் அனைத்தும் வரிசையாகத் தெரியும்.

0 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட். நாம் பெறும் சிக்னல் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு நலிந்தது என்பதால் எண் எப்போதும் மைனஸில் இருக்கும். 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதியாகிறது. 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் இழப்பு. வீடியோ அழைப்புகள் தடையின்றி நடக்க மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல நிலை வேண்டும் என்பது வைஃபை வடிவமைப்பவர்கள் கைக்கொள்ளும் அளவுகோல். மைனஸ் 75-ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். மைனஸ் 85-இல் இணைப்பு பெயரளவுக்கு மட்டுமே இருக்கும்.

சிக்னல் எண் தனியே பேசுவதில்லை; அதைப் பின்னணி இரைச்சலோடு ஒப்பிட வேண்டும். சிக்னல் மைனஸ் 65, இரைச்சல் மைனஸ் 92 என்றால் இடைவெளி 27 டெசிபல். அது நல்ல நிலை. அதே சிக்னலோடு இரைச்சல் மைனஸ் 78-க்கு ஏறினால் இடைவெளி 13 ஆகச் சுருங்கிவிடும். திருவிழாக் கூட்டத்தில் நண்பர் அதே குரலில் பேசியும் நம் காதில் விழாமல் போவது போன்றது இது. குறை அவர் குரலில் இல்லை. இரைச்சலை உயர்த்துபவை நம்மைச் சுற்றியே இருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. புளூடூத் அதே அலைக்கற்றையில் தாவித் தாவிப் பேசுகிறது. மடிக்கணினியில் செருகப்பட்ட யூஎஸ்பி 3 வன்தட்டும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கசியவிடக்கூடியவை. வன்தட்டைச் செருகியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

படி 4: நடந்து அளந்து வரைபடம் வரைதல்

ஒரு தாளில் கட்டடத்தின் தளவமைப்பைக் கோட்டுப்படமாக வரைந்து, ஒவ்வோர் அறையிலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். நம் ஊர்க் கட்டடங்கள் வைஃபைக்கு எளியவை அல்ல. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்புப் பீரோ, நிலைக்கண்ணாடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் சிக்னலை விழுங்கவோ திருப்பவோ செய்யும். ஃபைபர் கம்பி எங்கே வீட்டுக்குள் நுழைகிறதோ அங்கேயே, பெரும்பாலும் வாசல் மூலையிலோ டிவி அலமாரிக்குப் பின்னாலோ, ரூட்டரை வைத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை வீட்டின் நடுப்பகுதிக்கு, தலைக்கு மேலான உயரத்துக்கு, லேன் கேபிள் இழுத்துக் கொண்டுவருவது எந்த விலையுயர்ந்த ஆன்டெனாவையும்விடப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ரூட்டரின் ஒலிபரப்பு ஆற்றலை உச்சத்துக்கு ஏற்றினால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். கைபேசியின் ஒலிபரப்பு ஆற்றல் பொதுவாக ரூட்டரைவிடக் குறைவு. ரூட்டரின் குரல் கைபேசிக்கு எட்டினாலும் கைபேசியின் பதில் ரூட்டருக்கு எட்டாமல் போகும். திரையில் கோடுகள் நிறைந்திருக்கும், பக்கம் மட்டும் திறக்காது.

படி 5: காற்றின் நேரத்தைக் கணக்கிடுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் கொள்ள இயலுமெனில் இதைக் கொள்ளுங்கள். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒருவரே பேச முடியும். ஒவ்வொரு கருவியும் முதலில் கேட்கிறது. காற்று ஓய்ந்திருந்தால் சிறிது காத்திருந்து பேசுகிறது. கிடைத்தது என்ற ஒப்புகை வரவில்லையெனில் திரும்ப அனுப்புகிறது. ஆகவே பங்கிடப்படும் பொருள் உண்மையில் நேரம். 1500 பைட் அளவுள்ள ஒரு ஃப்ரேமின் (காற்றில் செல்லும் தகவல் பொட்டலத்தின்) பிட்டுகளை 300 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 0.04 மில்லிநொடி ஆகும்; தொலைவில் இருந்து 6 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 2 மில்லிநொடி. அதே தகவலுக்கு ஐம்பது மடங்கு நேரம். கடைசி அறையில் நலிந்த சிக்னலோடு போராடும் ஒரு கைபேசி, ரூட்டருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் நேரத்தையும் தின்றுவிடுவது இப்படித்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன; ஆனால் ஒரு வைஃபை சிக்னல் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. எனவே ஒன்றோடொன்று மோதாதவை என்று 1, 6, 11 ஆகிய மூன்றை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டார் 1-இலும் 6-இலும் இருக்கிறார்கள், நாம் நடுவில் 3-ஐ எடுத்துக்கொள்வோம் என்ற கணக்கு தவறானது. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு முறை வைத்துக்கொள்வார்கள். 3-இல் இருப்பவரின் பேச்சு இருபுறமும் இரைச்சலாகவே விழும். இந்த அலைக்கற்றையில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை இயக்குவதும் அத்தகைய தவறே.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இந்தியாவில் 2018-இல் வந்த அறிவிக்கையின்படி 5150 முதல் 5350 வரையிலும் 5470 முதல் 5875 வரையிலும் உள்ள மெகாஹெர்ட்ஸ் பகுதிகள் உரிமம் இன்றி வைஃபைக்குப் பயன்படுத்தத்தக்கவை. இங்கும் அகலம் கூடக் கூடச் சேனல்களின் எண்ணிக்கை குறையும் என்பதால், பல அக்சஸ் பாயின்ட்கள் (வைஃபையை ஒலிபரப்பும் கருவிகள்) உள்ள கட்டடத்தில் 80-க்குப் பதிலாக 40, மிக நெருக்கமான இடத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் என்று இறக்கிக்கொள்வதே முறை.

நெரிசலைக் கணக்கிட ஓர் உதாரணம். ஒரு மாணவர் விடுதியில் மூன்று தளங்களுக்கு மூன்று அக்சஸ் பாயின்ட்கள். மூன்றும் ஒரே சேனலில். ஒவ்வொன்றும் மாணவர், காப்பாளர், விருந்தினர், அலுவலகம் என நான்கு வைஃபை பெயர்களை ஒலிபரப்புகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஏறத்தாழ 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை பீக்கன் என்னும் அறிவிப்பு ஃப்ரேம் செல்லும். அது 250 பைட் அளவில், மிகக் குறைந்த வேகமான 1 மெகாபிட்டில் சென்றால் முன்னொட்டையும் சேர்த்து ஏறத்தாழ 2.2 மில்லிநொடி எடுக்கும். பன்னிரண்டு பெயர்களுக்கு 26 மில்லிநொடி. அதாவது, ஒரு மாணவர்கூடக் கைபேசியைத் தொடாத நள்ளிரவிலும் காற்றின் கால் பங்கு வெறும் அறிவிப்புகளுக்கே செலவாகிறது. பெயர்களை இரண்டாகக் குறைத்து, சேனல்களைப் பிரித்து, 802.11பி என்னும் பழைய வைஃபை தரத்தின் வேகங்களை நிறுத்திக் குறைந்த வேகத்தை 6 மெகாபிட்டாக வைத்தால், ஒரு சேனலில் இந்தச் செலவு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மிகப் பழைய கருவி ஏதேனும் இருந்தால் அது இணைய முடியாமல் போகும் என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

படி 6: இணைப்பு எந்த வாசலில் நிற்கிறது என்று பார்த்தல்

இணைப்பே கிடைக்கவில்லை என்ற புகாருக்கு வேறு வழி. ஒரு கருவி வைஃபையில் சேரும்போது, ரூட்டரைக் கண்டறிதல், அடையாளம் காட்டுதல், சேர்த்துக்கொள்ளப்படுதல், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நான்கு செய்திப் பரிமாற்றம், டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி பெறுதல் என்று வரிசையாக வாசல்களைக் கடக்கிறது. பெயரே தெரியவில்லை என்றால் கருவிக்கு அந்த அலைக்கற்றை ஒத்துவராமல் இருக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் அறியாத பழைய பிரிண்டர்களும் சிசிடிவி கேமராக்களும் இன்றும் நிறையவே இருக்கின்றன. கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய கருவி மட்டும் சேர மறுத்தால், ரூட்டரில் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதிர்த்திசையில், பழைய டிகேஐபி குறியாக்கத்தைப் பயன்படுத்தினால் இணைப்பு வேகம் 54 மெகாபிட்டைத் தாண்டாது. அதை ஏஇஎஸ்ஸுக்கு மாற்ற வேண்டும்.

வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால் டிஎச்சிபி பதில் தரவில்லை என்று பொருள். வழங்கக்கூடிய முகவரிகள் தீர்ந்துபோவது விடுதிகளிலும் திருமண மண்டபங்களிலும் அடிக்கடி நடக்கும். அண்மைக் காலக் கைபேசிகள் அந்தரங்கம் கருதித் தம் மேக் (MAC) முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, மாற்றிக் காட்டுவதால், ஒரே கைபேசி ஒன்றுக்கு மேற்பட்ட ஐபி முகவரிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடும். முகவரி வரம்பை விரிப்பதும், ஒரு முகவரி ஒரு கருவிக்கென ஒதுக்கப்பட்டிருக்கும் குத்தகைக் காலத்தைச் சில மணி நேரமாகக் குறைப்பதும் இதற்குத் தீர்வு.

படி 7: பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தல்

மேற்கண்டவற்றில் விடை கிடைக்காதபோது வயர்ஷார்க் கைகொடுக்கும். 1998-இல் ஜெரால்டு கோம்ப்ஸ் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006-இல் பெயர் மாற்றம் பெற்ற இந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. காற்றில் செல்லும் ஃப்ரேம்களைப் பிடிக்க, வைஃபை அட்டை, தனக்கு வராத ஃப்ரேம்களையும் கேட்கும் மானிட்டர் நிலைக்கு மாற வேண்டும். மேக் கணினியில் அவ்வசதி உள்ளமைந்தே வருகிறது; லினக்ஸில் ஒத்துழைக்கும் யூஎஸ்பி வைஃபை அட்டை ஒன்று வாங்கிக்கொள்வது எளிய வழி. நமக்குச் சொந்தமான, அல்லது உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த வலையமைப்பில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்; பிறருடைய தகவல்தொடர்பைப் பிடிப்பது குற்றம். கோளாறைக் கண்டறிய உள்ளடக்கம் தேவைப்படுவதும் இல்லை. யார் யாருக்கு அனுப்பினார், எந்த வேகத்தில், மறுமுறை அனுப்பப்பட்டதா என்பவை குறியாக்கப்படாத தலைப்பிலேயே இருக்கின்றன.

முதலில் மறுஅனுப்பல் விகிதத்தைப் பாருங்கள். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். இருபதைத் தாண்டினால் இடையூறோ தொலைவோ இருக்கிறது. அடுத்து அந்த நான்கு செய்திப் பரிமாற்றம். முதல் செய்தியும் இரண்டாம் செய்தியும் மாறிமாறி வந்து மூன்றாவது வரவே இல்லை என்றால், பெரும்பாலும் கடவுச்சொல் தவறு: கருவி அனுப்பிய இரண்டாம் செய்தியின் முத்திரை ரூட்டரின் கணக்கோடு பொருந்தவில்லை. பயனர் "சரியாகத்தான் போட்டேன்" என்று உறுதியாகச் சொல்லும்போது இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. இணைப்பு அறும் வேளையில் துண்டிப்பு ஃப்ரேமை அனுப்பியவர் ரூட்டரா கருவியா என்பதையும், அதிலுள்ள காரண எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் 4 என்றால் நெடுநேரம் பேசாததால் நீக்கப்பட்டது. 15 என்றால் நான்கு செய்திப் பரிமாற்றம் குறித்த காலத்துக்குள் முடியவில்லை.

படி 8: ஒன்றை மாற்றி, மீண்டும் அளத்தல்

சேனலையும் அகலத்தையும் ஆற்றலையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று கிளம்பினால், எது சரிசெய்தது என்று நமக்கே தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒன்றை மாற்றி, அதே இடத்தில் அதே நேரத்தில் அளந்து, நோட்டில் எழுதுங்கள். அளப்பதற்கு இணைய வேகச் சோதனைத் தளங்களைவிட ஐபெர்ஃப் என்னும் மென்பொருள் மேலானது. ரூட்டரோடு கேபிளில் இணைந்த ஒரு கணினிக்கும் வைஃபையில் உள்ள கணினிக்கும் இடையே அது அளப்பதால், இணைய நிறுவனத்தின் ஏற்ற இறக்கம் அதில் கலக்காது. இணைப்பு வேகம் 433 என்று திரை காட்டும்போது ஐபெர்ஃப் 250 காட்டினால் ஏமாற்றம் அடைய வேண்டாம். ஒப்புகைகளும் காத்திருப்பும் எடுத்துக்கொண்டது போக எஞ்சுவது அவ்வளவே.

கோளாறைத் தாமே உண்டாக்கிப் பழகுதல்

கோளாறு வரும்வரை காத்திருந்து கற்பது மெதுவான வழி. பழைய ரூட்டர் ஒன்றை மேசையில் வைத்து, இணையம் இல்லாமலேயே பயிற்சி செய்யலாம். மைக்ரோவேவில் ஒரு கிண்ணம் தண்ணீரைச் சூடேற்றிக்கொண்டே 2.4 கிகாஹெர்ட்ஸில் ரூட்டருக்குத் தொடர் பிங் ஓடவிட்டு எண்கள் துள்ளுவதைப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அதையே திரும்பச் செய்து ஒப்பிடுங்கள். ரூட்டரை இரும்புப் பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி எத்தனை டெசிபல் குறைகிறது என்று எழுதுங்கள். வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைக் கொடுத்து, மூன்றாம் செய்தி வராமல் போவதை வயர்ஷார்க்கில் கண்ணால் காணுங்கள். பிறகு ரூட்டரின் டிஎச்சிபி வரம்பை இரண்டே முகவரிகளுக்குச் சுருக்கி, இரண்டு கைபேசிகளை இணைத்துவிட்டு, மூன்றாவதாக மடிக்கணினியை இணையுங்கள். சிக்னல் முழுதாக இருக்கும், கடவுச்சொல் ஏற்கப்பட்டிருக்கும், முகவரி 169.254 என்று தொடங்கும். ஒரு கைபேசியில் வைஃபையை அணைத்துப் பாருங்கள். அப்போதும் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காது. விலகிப்போன கைபேசியின் குத்தகை இன்னும் முடியவில்லை என்பதே காரணம் என்று ரூட்டரின் குத்தகைப் பட்டியலைத் திறந்து நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம்.